தூக்க வேண்டியவர்கள் பட்டியல்

கல்கத்தா டாலிகஞ்சின் அந்தக் குடியிருப்பில் சுலோசனாவை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அங்கே ஒருத்தரையும் பிடிக்காது. அதனால் ஒளிவு மறைவு எதுவும் இல்லாமல் முப்பது வருஷமாகச் சண்டை ஒழுங்காக நடந்துவந்தது. ஹவுரா ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். லைனில் இருப்பது பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, கேங்மேனாக இருந்தாலும் சரி, "சுருக்கமாச் சொல்லுங்க" என்று வெட்டிப் பேசிப் பழகிய வாய். அவள் ஓய்வு பெற்றாள், அந்த வாய் பெறவில்லை.

இந்த ஏப்ரலில் ஒரு தொண்டு நிறுவனத்தார் தெரு க்ளப்பில் இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். இனிமேல் பெய்யப்போவது பழைய மழை இல்லை, ஒரு மாதத்து மழை ஒரே காலையில் கொட்டும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து ஹூக்ளி ஆற்றில் கடல் ஏற்றம் வந்தால் கால்வாய் மதகை மூடிவிடுவார்களாம், தண்ணீர் வடிய வழியே இருக்காதாம். ஆகவே தரைத்தள வீடுகளில் யாரால் படியேற முடியாது, யாரைத் தூக்கிப் போக வேண்டும் என்று பட்டியல் எழுதி வைக்கச் சொன்னார்கள். மற்றவர்கள், கொடுத்த சிங்காடா சமோசாவைத் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சுலோசனா நோட்டும் கையுமாகக் கதவு கதவாகத் தட்டினாள்.

எதிர்வீட்டு அல்பனா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"உன் மாமியாருக்கு என்ன வயசு? நடக்க முடியாதுதானே?"

"எதுக்குக் கேக்கறீங்க தீதி?"

"வெள்ளம் வந்தா க்ளப்பு ஆளுங்க நாலு பேர் வந்து தூக்குவாங்க. பேரைச் சொல்லு."

அல்பனாவின் முகம் சிவந்துவிட்டது. "நாலு பேர் தூக்கறதா? உயிரோட இருக்கறவளுக்குப் பாடை கட்டறீங்களா? வெளியில போங்க!"

"செத்தப்புறம் தூக்கினா உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு, பேரை அவள் சொல்லாமலே எழுதிக்கொண்டு வந்தாள் சுலோசனா. இன்னொரு வீட்டில் நோட்டைப் பிடுங்கித் தாளைக் கிழித்தார்கள். மறுநாள் புதுத் தாளில் எழுதினாள். ஏச்சும் பேச்சும் வாங்கிக் கட்டிக்கொண்டு ஏழு பேரைச் சேர்த்துவிட்டாள். அப்பா, என்ன பிடிவாதம்!

எட்டாவதாக ஒரு பெயர் இருந்தது. அதை மட்டும் அவள் எழுதவே இல்லை. அது அவள் புருஷன் செல்வராஜின் பெயர்.

லிலுவா ரயில் பட்டறையில் ஃபிட்டர். யூனியன் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசுகிற தொண்டை. பொங்கல் முடிந்த வாரத்தில் பக்கவாதம் வந்து வலக்கை, வலக்கால், நாக்கு மூன்றையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு வந்தபோது மனுஷன் அழுதார். "யாரும் என்னை இப்படிப் பாக்கக் கூடாது" என்று குழறினார். அன்றைக்கு ஒரு தடவைதான் சொன்னார். சுலோசனா அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டாள். ஜன்னலுக்குத் திரை போட்டாள். கேட்டவர்களுக்கு "முழங்கால் வலி, வீட்டுக்குள்ளேயே நடமாடறார்" என்றாள். ஆயாகூட வைக்கவில்லை. அவரைப் புரட்டுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் ஒற்றை ஆளாகச் செய்தாள். அவர் மனசு மாறியிருக்குமா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. இந்த அல்பனாவுக்கு முன்னால் என் புருஷன் தலை குனிவதா என்கிற ஆங்காரம் வேறு.

கட்டில் கால்களுக்கு அடியில், அந்தத் தெருவில் எல்லோரும் வைப்பதுபோல, மும்மூன்று செங்கல் வைத்திருந்தாள். அதற்கு மேல் தண்ணீர் வந்ததே இல்லை.

துர்கா பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த மழை வந்தது. விடிந்து பார்த்தால் தரைத்தளமெல்லாம் கணுக்கால் தண்ணீர். சுலோசனா மெயின் ஸ்விட்சை அணைத்தாள். "அரை மணி நேரம், வந்துடறேன்" என்று புருஷனிடம் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு, நோட்டும் விசிலுமாக வெளியே வந்தாள்.

க்ளப்பிலிருந்து பிமலும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் நாற்காலியில் மூங்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் மாடியில் காலியாகக் கிடந்த ஃப்ளாட்டுக்கு எல்லோரையும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் சுலோசனா நீளமாக ஒரு விசில் ஊதுவாள், அவர்கள் உள்ளே போவார்கள். அரை மணி நேரமாம் அரை மணி நேரம்! அல்பனா முதலில் கதவையே திறக்கவில்லை. அடுப்படிக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் கிழவியை விட்டாள், அதுவும் திட்டிக்கொண்டே. ஏழாவது ஆள் மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. ஹூக்ளியில் ஏற்றம், மதகு மூடியாயிற்று. தண்ணீர் சுலோசனாவின் இடுப்புக்கு வந்துவிட்டது.

தன் வீட்டுக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. உள்ளே ஃப்ரிட்ஜ் மிதந்து வந்து கதவுக்குக் குறுக்கே சிக்கியிருந்தது. தோளைக் கொடுத்து முட்டினாள். ஒரு விரற்கடை நகர்ந்து மறுபடி மூடிக்கொண்டது. மூங்கிலை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் புறப்பட்ட பிமலைக் கூப்பிட்டாள்.

"சாமானை அப்புறம் பாத்துக்கலாம் காக்கிமா. பட்டியல் முடிஞ்சாச்சே!"

"உள்ளே அவர் இருக்காருடா!"

"காகுவா? அவர்தான் நடப்பாரே. ஜன்னல் பக்கம் ஏறி நிக்கச் சொல்லுங்க."

மாடிப்படியிலிருந்து அல்பனா எட்டிப் பார்த்தாள். "முழங்கால் வலிதானே தீதி? எங்க வீட்டு ஆளைத்தான் நோட்டுல ஏத்துவீங்க, உங்க வீட்டு ஆளு ராஜாவாச்சே!"

சுலோசனா இரண்டு கையாலும் கதவில் அறைந்தாள். "நடக்க முடியாது! பொங்கல்லேருந்து நடக்க முடியாது! கை, கால், ஒண்ணும் வராது! பொய் சொன்னேன், போதுமா? ஐயோ, வந்து தூக்குங்கடா!" தமிழும் வங்காளமும் கலந்து கத்தினாள். படியில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

நாலு பேரும் மூங்கிலால் கதவைப் பிளந்தார்கள். கட்டிலின் மேல் தண்ணீர் ஏறியிருந்தது. செல்வராஜ் இடக்கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தலையை மட்டும் தூக்கி வைத்திருந்தார். வாயோரம் சேற்றுத் தண்ணீர். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஈர லுங்கியோடு, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இரண்டு மாடி தூக்கிப்போனார்கள்.

அல்பனாவின் மாமியாருக்குப் பக்கத்துப் பாயில் அவரைப் படுக்க வைத்தார்கள். அல்பனா ஒரு துண்டைத் தூக்கி எறிந்தாள். சுலோசனா அதை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள்.

"மன்னிச்சுடுங்க. வேற வழியில்லாமப் போச்சு. எல்லாரும் உங்களைப் பாத்துட்டாங்க."

அவர் இடக்கையால் அவள் கையைத் தட்டிவிட்டார். நாக்கு குழறியது, ஆனால் அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"விசில் கேட்டுது," என்றார். "ஒவ்வொரு வீடா எண்ணினேன். ஏழு வீடு."

"என்னங்க..."

"கத்தினேன். யாராவது ஒருத்தன் வந்து என்னைப் பாக்க மாட்டானான்னு கத்தினேன்டி. ரெண்டு மணி நேரம்."

அந்த அறையில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. இருந்தும் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.