போணிக்கு அகப்பட்டவள்

என் மகனுக்குத் தாகேதாவில், பெண் வீட்டில் நிச்சயம். அன்று காலை, பெண்ணுக்கு வாங்கி வைத்திருந்த ரோஜா நிறப் பட்டுத் தமெய்னை என் வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியால் பொசுக்கிவிட்டார். "கரண்ட் போயிடுமோன்னு அவசரப்பட்டுட்டேன்" என்கிறார். இடுப்பில் சுற்றுகிற துணியில் நட்டநடுவே ஓட்டை! தலையில் அடித்துக்கொண்டேன்.

நாங்கள் பர்மாவில் குடியிருக்கும் தமிழர்கள்; பெண் பர்மாக்காரி. ரோஜா நிறம் அவளே ஆசைப்பட்டுக் கேட்டது. அவளுடைய பெரியம்மாவுக்கோ எங்கள் சம்பந்தமே பிடிக்கவில்லை. என்ன குறை கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் அதே நிறத்தில் வேறொன்று வாங்காவிட்டால் நிச்சயம் நின்றாலும் நின்றுவிடும்.

பக்கத்தில் இருக்கும் தாமுவே மார்க்கெட்டுக்கு ஓடினோம். இப்போதெல்லாம் கரண்டைப் பார்த்துத்தான் கடை திறக்கிறார்கள். அப்போதுதான் பலகையை எடுத்த துணிக்கடைக்காரியிடம் ரோஜா நிறம் இல்லை. திரும்பினேன்.

"ஆன்ட்டி, நீங்கதான் முதல் ஆளு. வெறுங்கையோட போகாதீங்க" என்று பர்மிய மொழியில் கெஞ்சினாள்.

நானும் பூ விற்கிறவள். போணி ஆகாமல் முதல் ஆள் நகர்ந்தால் வயிறு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு துண்டு வாங்கினேன். நான் கொடுத்த நோட்டால், போணி ராசி ஒட்டட்டும் என்று, அடுக்கிய துணிகளையெல்லாம் அவள் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"ஏண்டி, துண்டு கட்டிக்கிட்டா பொண்ணு நிக்கப் போகுது?" என்றார் வீட்டுக்காரர்.

"பொசுக்கினவரு பேசாம வாங்க!"

பஸ் பிடித்து டவுனுக்குப் போனோம். முதலில் நுழைந்த கடையிலும் நான்தான் முதல் ஆள். என்ன ஜாதகமோ! அங்கே ரோஜா நிறம் இருந்தது, ஆனால் பட்டு இல்லை. அந்த அம்மாளும் போணி என்றாள். இரண்டு போர்வை. அடுத்த கடையில் ஒரு குடை. என் மேல் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியாக ஒரு கடையில் அச்சாக அதே பட்டு தொங்கியது. கையில் மிச்சமிருந்த காசு பற்றவில்லை. போணி விலைக்குக் கொடுங்கள் என்றேன்.

"இப்பதான் ஒருத்தங்க போணி பண்ணிட்டுப் போனாங்க, ஆன்ட்டி. இனி குறைக்க முடியாது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்த காசுக்குச் சாம்பல் நிறப் பட்டுதான் கிடைத்தது.

தாகேதாவில் பெண் அதை விரித்தாள். முகம் சட்டென்று வாடியது. "இது துக்க வீட்டுக்குக் கட்டுறது" என்றாள் பெரியம்மா. "நல்ல பட்டோட இன்னொரு நாள் வாங்க, பேசிக்கலாம்."

பெண்ணின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்காரர் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தார். என் மகனோ என்னையே பார்த்தான்.

"முடியாது" என்றேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "பட்டு பிடிக்கலைன்னா என்னைத் திட்டுங்க, கேட்டுக்கிறேன். அது என் தப்பு. ஆனா இந்தப் பொண்ணோட பதிலைக் கேக்காம நான் எழுந்திருக்க மாட்டேன்."

பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் பெண் எழுந்து உள்ளே போனாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். பர்மாக்காரர்கள் சம்மதத்துக்கு வைக்கிற ஊறவைத்த தேயிலைத் தட்டோடு வந்து, பெரியம்மாவைத் தாண்டி, முதலில் என் முன்னால் வைத்தாள்.