கொடிக்குக் கீழே

இடது மார்பின் மேற்பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோது, தாலிக்கொடி அழுத்தியதால் வந்தது என்றே நினைத்தேன். குப்புறப் படுப்பது என் பழக்கம். கொடியில் கோத்த தாலி குத்தும் இடமும் அதுதான். கணவர் பாரிசுக்குப் போய்ப் பதினொரு வருடம். கொடியைக் கழற்ற மனம் வரவில்லை. இரவில் தாலியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு இரண்டு மாதம் படுத்தேன். கட்டி போகவில்லை. கேட்டுப் பார்க்க வீட்டில் ஆளில்லை.

நோயில்லாதவர்களையும் வழமையாகப் பரிசோதிக்கும் பெண்களுக்கான கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் என்னைவிட மிகவும் இளைய பெண். திரைக்குப் பின்னால் சட்டையைக் கழற்றிவிட்டு, சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வெக்கமோ அக்கா? காலமையிலையிருந்து எத்தினை பேரைப் பாத்திட்டன். றோட்டிலை கண்டா உங்கடை முகங்கூட ஞாபகம் வராது."

கட்டியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவர் கையில் அகப்படாவிட்டால் அது ஒன்றுமில்லை என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

படுக்கவைத்து வலது பக்கத்தை முதலில் பார்த்தார். விரல்களைத் தட்டையாக வைத்துச் சிறு வட்டங்களாக நகர்த்தினார். கீழ்விளிம்பில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட, மூச்சைப் பிடித்தேன்.

"இது எல்லாருக்கும் இருக்கிறதுதான். ரெண்டு பக்கமும் ஒரேமாதிரி இருந்தாப் பயமில்லை."

இடது பக்கம் வந்ததும் என் கை தானாகவே தாலியோடு அந்த இடத்தைப் பொத்திக்கொண்டது.

"கழட்ட வேண்டாம். பின்னாலை விடுங்கோ."

விரல்கள் நகர்ந்து வந்து நின்றன. திரும்பவும் அதே இடம். எழுந்திருந்து கைகளை உயர்த்தச் சொன்னார். அங்கே மட்டும் தோல் சற்று உள்ளே இழுபட்டது. நானும் குனிந்து பார்த்தேன்.

"எவ்வளவு நாளா?"

"அது கொடி அழுத்தினது, டொக்டர்."

"கொடி அழுத்தினா மேலைதான் தடம் விழும். இது உள்ளுக்கை இறுகி நிக்குது, அசையேல்லை." கடிதத்தாளை எடுத்தபடி, "என்னெண்டு இப்ப சொல்லேலாது. ஸ்கான் எடுத்துப் பாக்கவேணும். ஆரோடை வந்தனீங்கள்?" என்றார்.

"தனிய."

"ஸ்கானுக்குப் போகேக்கை ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார். பஸ்ஸுக்கு நின்றபடி, யாரைக் கூட்டிப்போவது என்று யோசித்தேன். ஒரு முகமும் வரவில்லை. கணவருக்கு அது வேலைக்குப் புறப்படும் காலை நேரம். போன் எடுத்தேன்.

"என்ன, இந்த நேரத்திலை? சுகந்தானே?"

பதினொரு வருடமாக அதற்கு ஒரே பதில்தான் சொல்லி வந்திருக்கிறேன். பஸ் வந்து நின்றது. போகும்படி கையைக் காட்டினேன்.

"இல்லை," என்றேன். "இஞ்சாருங்கோ, கொஞ்சம் நிண்டு கேளுங்கோ."