மதினி தைத்து வைத்த கவுன்கள்

ஒரு மழைக்கால மத்தியானம். எங்கள் லயத்து வீட்டின் ஒரே அறையான காம்பராவில் சுவருக்குச் சுவர் கட்டிய நைலோன் கயிற்றில் கவுன்கள் வரிசையாகத் தொங்கின. முதலில் ஒரு சின்னக் கவுன். அடுத்தது அதைவிடக் கொஞ்சம் நீளம், அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். கடைசிக் கவுன் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது. ஒரே பிள்ளை வருஷா வருஷம் வளர்ந்து வளர்ந்து வந்து வரிசையில் நிற்பதுபோல இருந்தது. தலைகள் மட்டும்தான் இல்லை. அன்றைக்கு அரை நாளோடு வேலை விட்டு நனைந்து வந்த நான் வாசலிலேயே நின்றேன். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். "மதினி, என்ன வீட்டுக்குள்ள பெரட்டு நடக்குது? ஆளுங்க எல்லாம் லைனா நிக்கிறாங்க" என்றேன். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டிருந்த மதினி தலை நிமிராமல், "நிக்கிறதெல்லாம் ஒரே ஆளுதான். நம்ம பாப்பா" என்றார்.

மதினி என் அண்ணனின் மனைவி. கொட்டகலையிலிருந்து லிந்துலைக்குப் போகிற பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், ஒரு காம்பராவும் அடுப்படிக் குசினியும் உள்ள வீட்டில், அண்ணன், மதினி, அவர்கள் மகள் பாப்பா, நான் என்று நாலு பேர் இருந்தோம். நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கொட்டகலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் சாமான் தூக்குகிறேன். அண்ணன் தோட்டத்தில் மரமேறிக் கிளை வெட்டுகிறவர். ஒரு நாள் கிளையோடு சேர்ந்து அவரும் விழுந்தார். கிளையை வண்டியில் ஏற்றினார்கள், அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். இடுப்பு உடைந்து திரும்பி வந்தவரால் கொஞ்ச நேரம் நிற்க முடியும், மெதுவாக நடக்க முடியும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மதினி கொழுந்து பறித்து வாங்குகிற சம்பளமும் என்னுடைய கடைக் கூலியும்தான் வீடு.

அப்போதுதான் மதினி கடையில் எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார். அடுப்புக்கரியையும் உப்பையும் கராம்பையும் இடித்துப் பல்பொடி செய்தார். "மதினி, இது பல்லு வெளக்கவா, இல்ல ரோட்டுக்குத் தார் போடவா?" என்று கேட்டுவிட்டுத்தான் நான் வாயைக் கொப்பளிப்பேன். தேய்ந்துபோன சவுக்காரத் துண்டுகளைச் சேர்த்துக் காய்ச்சி, டின்பால் டப்பாவில் ஊற்றி ஆறவைத்து ஒரே கட்டியாக எடுப்பார். மூன்று நிறத்தில் வரும். இது எந்தக் கட்சிக் கொடி என்று கேட்பேன். கோதுமை மா மூட்டைச் சாக்கைக் கழுவித் தலையணை உறை தைத்தார். காலையில் எழுந்ததும் கன்னத்தைக் காட்டி, மில்லின் பெயர் பதிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். "அந்த மூஞ்சிக்கு அதுவாச்சும் இருக்கட்டும்" என்பார். அவர் என்னைச் சும்மா விட்டதே இல்லை.

சாப்பாட்டில்தான் அவருடைய முழு கவனமும் இருந்தது. கடலை, பயறு, சோளம், அரிசி எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து அரைத்துப் பாப்பாவுக்குச் சத்துமா. லயத்துக்குப் பின்னால் ஒரு கட்டில் அளவு நிலத்துண்டில் கீரை, பீன்ஸ், இரண்டு மேராக்காய்க் கொடி. பேரிக்காய் மலிந்த காலத்தில் அதைக் கிண்டி ஜாம். காலையில் வேலைக்குப் போகிற அவசரத்திலும் பாப்பாவின் வாயில் கடைசி உருண்டை போகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ரொட்டியும் பிளேன்டீயும் பெரியவர்களுக்கு. பாப்பாவுக்கு மட்டும் தனிக் கணக்கு.

பக்கத்து லயத்தில் ஒரு கல்யாணம் வந்தது. எல்லோரும் கடையில் வாங்கிய கண்ணாடித் தட்டும் ஃபிளாஸ்க்கும் பளபளக்கிற தாளில் சுற்றிக்கொண்டு போனார்கள். மதினி பழைய சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு ஒரு கட்டில் விரிப்பு தைத்துக் கொடுத்தார். நட்சத்திரம் மாதிரி ஒரு வேலைப்பாடு, நிஜமாகவே அழகாக இருந்தது. பந்தியில் எங்களுக்குப் பின்னால் இருந்த ஒருத்தி, பழஞ்சீலையை மடிச்சுக் குடுத்திருக்கா என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். கேலி செய்கிற உரிமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். திரும்பி வரும்போது மதினிதான் சொன்னார். "சிரிப்பு ஒன்னுதான் தம்பி இப்ப சும்மா கெடைக்குது. சிரிச்சுட்டுப் போகட்டும்."

பிறகு, நாட்டிலேயே காசில்லாமல் போன அந்த வருஷம் வந்தது. கேஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மா கடையிலேயே இல்லை. காலையில் கேட்ட மா விலை சாயங்காலம் இருக்காது. கடலையும் பயறும் வாங்க முடியாமல் போனபோது சத்துமாவில் முதலில் ஒன்று குறைந்தது, பிறகு இன்னொன்று குறைந்தது. கடைசியில் வெறும் அரிசி மா. ஒரு நாள் காலிப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே மதினி சொன்னார்: "எல்லாத்தையும் கையால செஞ்சுரலாம்னு நெனச்சேன் தம்பி. அரிசியக் கையால செய்ய முடியாதே."

அந்த வாரமே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று சொல்லிவிட்டார். அண்ணன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாப்பா அப்போது முதலாம் ஆண்டு போகத் தொடங்கியிருந்தாள்.

அந்த மழைக்கால மத்தியானத்துக் கவுன்கள் அப்படி வந்தவைதான். பக்கத்து வீட்டுக் கைமெஷினை இரவல் வாங்கி, தன்னிடமிருந்த நல்ல சேலைகளை எல்லாம் வெட்டி, தான் இல்லாத நாட்களுக்குத் தைத்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒன்று, ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒன்று. கடையில் வாங்கினால் காசு போகும் என்பதற்காக மட்டும் இல்லை. பாப்பா எந்த வயதில் எவ்வளவு உயரம் இருப்பாள் என்று லயத்துப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு முதுகில் அளந்து, அந்த அளவுக்குத் தைத்தார். ஒவ்வொரு கவுனின் கீழ்ப்பக்கத்திலும் மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருந்தார். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். அதை என்னிடம் இரண்டு தரம் சொல்லிக் கொடுத்துவிட்டு, தகரப் பெட்டியில் அடுக்கினார். புறப்படுகிற அன்றைக்கு, வேனில் ஏறுவதற்கு முன்னால், எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: "புள்ள வளந்து கவுன் பத்தலன்னு நீங்க போன்ல சொல்லணும். அதக் கேக்கத்தான் போறேன்."

முதல் கவுன் பாப்பாவுக்கு அளவாக இருந்தது. அது மதினி கண்ணால் பார்த்துத் தைத்தது.

பணம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. மாதா மாதம் வந்தது. அண்ணனின் மருந்து, கரண்ட், அரிசி, மா என்று போனது போக மிச்சமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்தப் பணத்தில் மதினியின் கை வரவில்லை. பல்பொடி தீர்ந்த அன்றே நான் கடையில் பற்பசை வாங்கினேன். ஜாம் போத்தல் காலியானது. கீரைத் துண்டை ஒரு நாள் காட்டுப்பன்றி கிளறிப் போட்டது, யாரும் திருப்பிப் போடவில்லை. அண்ணனால் அடுப்படியில் அதிக நேரம் நிற்க முடியாது. நான் விடிந்ததும் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வருவேன். கடைத்தெருவிலிருந்து பணிஸ் என்கிற இனிப்பு ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ் பைக்கட் என்று வாங்கி வருவேன். பாப்பா பணிஸின் மேல்பக்கத்தை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு மிச்சத்தைச் சுருட்டி ஜன்னலில் வைத்துவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வாய் வரைக்கும் பார்ப்பதற்கு ஆளில்லை. மழைக்காலம் முழுக்க இருமினாள். காய்ச்சல் போகும், ஒரு வாரத்தில் திரும்பி வரும். எதனால் என்று ஒரே காரணமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

தீபாவளிக்கு எடுத்த கவுன் தோளிலிருந்து நழுவியது. அடுத்த பிறந்த நாள் கவுனுக்குள் இன்னொரு பாப்பாவை வைக்கலாம் போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எடை பார்த்துவிட்டு, அம்மாவை வரச் சொல் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். "அம்மா வெள்ளிக்கிழமதான் வருவாங்க டீச்சர், போன்ல" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அண்ணன்தான் நொண்டிக்கொண்டே போய்வந்தார். முதலாம் ஆண்டில் இருந்ததைவிட மெலிந்திருக்கிறாள் என்றார்களாம். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "அவகிட்டச் சொல்லிறாத. தனியாக் கெடக்குறவ. அங்கருந்து என்னதான் செய்வா?" என்றார்.

அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும், மதினி வீடியோவில் வருவதற்கு முன்னால், கவுனின் முதுகுப் பக்கத்தைப் பிடித்து இழுத்து ஊக்கு குத்துகிற வேலை எனக்கு வந்தது. பாப்பா நெளியாமல் இருக்க, தோட்டத்துரை வீட்டு அம்மாவைச் சொல்வதுபோல அவளைத் துரையம்மா என்று கூப்பிட்டு, துரையம்மாவுக்கு இடுப்பு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று கதை விடுவேன். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் கவுன் அளவெடுத்துத் தைத்ததுபோல நிற்கும். போனில் மதினி கண்ணை அகல விரித்துப் பார்ப்பார். "அளவா இருக்கா?" என்பார். "இருக்கு, இருக்கு" என்பார் அண்ணன். மதினி மூச்சை விட்டுச் சிரிப்பார். அந்த ஒரு சிரிப்புக்காக அந்தக் கிழமை முழுக்க அவர் யாருடைய தரையையோ துடைத்திருப்பார். எனக்கு அப்போதெல்லாம் கேலி வராது. தண்ணி குடிக்கப் போகிறேன் என்று எழுந்துவிடுவேன்.

பொய் அகப்பட்டது இந்த வருஷம்தான். அன்றைக்குக் கோயிலுக்குப் போய்வந்த பாப்பா பச்சைக் கவுனில் இருந்தாள். பல மாதமாக ஒவ்வொரு வெள்ளியும் அதைத்தான் போடுகிறாள். மதினி எதையோ நினைத்தவர்போல, "அடி மடிப்பப் பிரிச்சு விட்டீங்களா?" என்று கேட்டார். படுக்கையிலிருந்து அண்ணன், பிரித்தாயிற்று என்றார்.

"பிரிச்ச கோடு தெரியும்ல. அதக் காட்டு கண்ணு" என்றார் மதினி.

மடிப்புக்குள் இருக்கிற துணியில் வெயில் படாது. மற்ற இடமெல்லாம் வெளுத்தாலும் அது வெளுக்காது. பிரித்துவிட்டால் அந்த இடம் மட்டும் புதுச் சேலை மாதிரி ஒரு பட்டையாக நிற்கும். தைக்கிறவருக்குத் தெரிந்த இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பாப்பாவுக்கு எதுவும் தெரியாது. அம்மா கேட்டதைக் காட்ட வேண்டுமென்று கவுனின் விளிம்பைத் தூக்கிப் போனுக்கு நேரே பிடித்தாள். மூன்று மடிப்பும் மதினி தைத்தபடியே இருந்தன. சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, பின்பக்கமும் திரும்பிக் காட்டினாள். ஊக்குகள் பளிச்சென்று தெரிந்தன.

போன் அணைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அணையவில்லை. மதினி அப்படியே இருந்தார். அவருக்குப் பின்னால் அந்த வீட்டில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. அண்ணன் காய்ச்சல், இருமல், மழை என்று எதையோ தொடங்கினார்.

"புள்ள நல்லா வளர்றான்னு பாத்துட்டுத்தான் இங்க இன்னொரு தவணை வேலைக்கு இருக்கேன்னேன். போன வாரம்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார் மதினி. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்கிறதுபோலச் சொன்னார்.

அண்ணன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். மதினி என்னைக் கூப்பிட்டார். ஊசியும் நூலும் எடுக்கச் சொன்னார். நான் கத்தரிக்கோலையும் எடுத்து வந்தேன்.

"அத வைங்க. வெட்டக் கூடாது. உள்ள மடிச்சுத் தைங்க" என்றார். ஊக்குகளைக் கழற்றச் சொன்னார். "முதுகுப் பக்கம் எத்தன வெரலு போகுது, பாத்துச் சொல்லுங்க தம்பி."

கவுனுக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் கையை விட்டேன். முழுக் கையும் போனது. மடக்கினேன், மடக்கிய கையும் நின்றது. போனை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

பாப்பா கைகளைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். நான் ஒரு பக்கத்தை மடித்து உள்ளே தள்ளுவதைக் குனிந்து பார்த்தாள். "சித்தப்பா, நான் சின்னதாப் போயிட்டேனா?" என்று கேட்டாள்.

போனிலிருந்துதான் பதில் வந்தது.

"இல்லடி. அம்மாதான் பெருசாத் தைச்சுட்டேன்."

பாப்பா அதை நம்பினாள். அம்மாவுக்குத் தைக்கத் தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். மதினி ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு என்னிடம், "பெரிய தையலாப் போடுங்க தம்பி. நெருக்கமாப் போடாதீங்க. பெறகு பிரிக்க லேசா இருக்கணும்" என்றார்.

பெரிய பெரிய தையலாகப் போட்டேன். சாமான் தூக்குகிற கை, ஊசி ஒரு பக்கம் போனது, நூல் ஒரு பக்கம் போனது. தையல் கோணிக்கொண்டு மேலே ஏறியது. மாட்டு வண்டி போன தடமா இது என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பவும் கூப்பிட்டார்கள். அவர் ஊசி போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.