பெஞ்சு உடைந்த அன்று

காலையில் பேரன் பேப்பரைப் பார்த்து, ஏதோ பெரிய கம்பெனி ‘பேங்க்ரப்ட்’ ஆகிவிட்டது என்று சத்தமாகப் படித்தான். எனக்குக் காப்பி இறங்கவில்லை. அந்த வார்த்தைக்கு அர்த்தம் மட்டுமல்ல, அது பிறந்த கதையும் எனக்குத் தெரியும். சொன்னவன் வரது.

மயிலாப்பூரில், ஊரார் வட்டிக்குப் பணம் போட்டுவைக்கும் ஒரு நிதியில் நானும் அவனும் குமாஸ்தாக்கள். இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு ஜாதகம் பார்ப்பதில் அவனுக்கு ஒரு பைத்தியம். இத்தாலியில் அந்தக் காலத்து லேவாதேவிக்காரர்கள் சந்தையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார்களாம். பணம் கொடுக்க முடியாமல் கையை விரித்தவனின் பெஞ்சை உடைத்துவிடுவார்களாம். உடைந்த பெஞ்சுதான் பேங்க்ரப்ட்.

“காப்பி ஆறறது, குடிடா” என்றேன் வரதுவிடம்.

அது நாற்பத்திரண்டாம் வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. போகிறவர்கள் சும்மா போவார்களா? போட்ட பணத்தைக் கேட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். பெட்டியில் இருந்தது சாயங்காலம்வரைகூடத் தாங்காது. அது உள்ளே இருந்த எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அக்கா கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்ததும் அங்கேதான் கிடந்தது.

உள்ளே எட்டிப் பார்க்க நாலைந்து பேர் வராந்தா பெஞ்சில் ஏறினார்கள். மடக்கென்று அதன் கால் முறிந்தது. வரது தன்னை மறந்து கத்தினான்: “ஐயோ, பெஞ்ச உடைச்சா பேங்க்ரப்ட்னு அர்த்தம்!”

படுபாவி! பெஞ்சை விட்டுவிட்டு ‘பேங்க்ரப்ட்’ மட்டும் தெருமுனைவரை ஓடியது.

“இன்னா நைனா, துட்டு கீதா இல்லியா?” என்று ஒருவர் கவுன்ட்டர் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

அந்த நேரம் பார்த்தா அம்மா பாஸ்புக்கோடு வரவேண்டும்!

“குமாஸ்தாவோட அம்மாவே வந்துட்டா!” என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

“வட்டி எழுதிண்டு போலாம்னு வந்தேன். பணம் எங்க ஓடிடப்போறது?” என்றாள், எல்லார் காதிலும் விழும்படி.

கூட்டம் மெல்லத் தணிந்தது. பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அன்று வீட்டில் கேட்டேன்: “ஏம்மா பணத்தை வாங்கிக்கலை?”

“வாங்கத்தான்டா வந்தேன். உன் மூஞ்சியப் பார்த்தேன். இல்லைன்னு உன் வாயால சொல்ல வைக்க மனசு வரலை.”

சில நாளில் நிதியை இழுத்துப் பூட்டினார்கள். அம்மாவை நம்பித் திரும்பிப் போனவர்கள் பணமும் போயிற்று. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அக்கா கல்யாணம் நின்றது, நின்றதுதான்.

நிதி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். வரதுவும் இல்லை, அம்மாவும் இல்லை. அக்காவும் போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை அவள் ஒரு நாள்கூட அம்மாவிடம், ஏன் வாங்கவில்லை என்று கேட்டதில்லை.