முசியே போட்டுத் தந்த ரூட்

லூர்து முசியே போய்விட்டார். முந்தாநாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. நேற்று மாலை அடக்கம்.

எங்கள் அரசுக் கல்லூரியில் அவர் பிரெஞ்சு, நான் கணிதம். அவரை யாரும் சார் என்று அழைத்ததில்லை, முசியேதான். பதிலுக்கு என்னை அவர் மதாம் ஆக்கிவிட்டார்.

மேலதிகாரிகளிடம் வாயை அடக்கத் தெரியாத மனிதர். அதனால் காரைக்கால், மாஹே, ஏனாம்... மூன்று ஊருக்கும் டிரான்ஸ்ஃபர் வாங்கியவர். ஒரே அரசாங்கம், எங்கள் ஊரோடு சேர்த்து நான்கு மூலை, நடுவில் அடுத்தவர்களின் மாநிலங்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நான்கு மூலைகளையும் என் பழைய மோட்டார் சைக்கிளில் தனியாகச் சுற்றி வரப் போகிறேன் என்று போன வருடம் சொன்னபோது, சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். (வண்டிக்கும் என் மகனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வண்டி சொன்னபடி கேட்கும்.)

சிரிக்கவில்லை... ஆனால் கூட வருகிறேன் என்றார்.

"பின்னாடி ஒரு சீட் சும்மாதான மதாம் வருது?"

சரி, ஒரு சோதனை ஓட்டம் பார்ப்போம் என்று பிள்ளைச்சாவடி வரை ஏற்றிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் காதருகே கத்தல்.

"மதாம், லெஃப்ட்ல நாய்!"

"தெரியுது."

"நாய்க்கு நம்மளத் தெரியுதான்னு பாருங்க!"

திரும்பி வந்து இறங்கியதும் சொல்லிவிட்டேன். "அந்த சீட்டுல என் பை வரும், முசியே. பை பேசாது."

இதை எழுதும்போது எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. அவர் எடை அப்படி, வண்டியின் வயது அப்படி.

அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையே மேப்போடு வந்து என் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டார். எந்த ஊரில் இரவு தங்குவது, எந்தச் சாலையில் லாரி குறைவு, எங்கே பெண்களுக்கு உருப்படியான கழிப்பறை... எல்லாம் அவரே.

மாஹேவில் அவர் குடியிருந்த வீட்டு ஓனர், காரைக்காலில் பழைய மாணவி, ஏனாமில் கூட வேலை பார்த்தவரின் குடும்பம். என்னைக் கேட்காமலேயே எல்லாருக்கும் போன் போட்டு, மதாம் வருகிறார் என்று அறிவித்துவிட்டார்.

நான் சத்தம் போட்டேன். "தனியா போறேன்னு சொன்னேனே, காதுல விழலையா?"

"தனியா ஓட்டுங்க மதாம். தனியா ஏன் சாப்புடணும்?"

"ஏனாம்ல எதுக்கு ராத்தங்கல்? சர்வீஸ் முழுக்க அந்த ஊருக்குத் தூக்கிடுவாங்கன்னு பயந்துதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"அதான். இப்ப சொந்த செலவுல போங்க."

அவர் மனைவி தெரேஸுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. "ஒரு கெழவி வண்டி ஓட்டப் போறாளாம், ஒரு கெழவன் ரூட் போடுறானாம். ரெண்டுக்கும் வேல வெட்டி இல்ல." வருடம் முழுக்க இதே பாட்டு.

அடுத்த வாரம் கிளம்புவதாக இருந்தேன்...

நேற்று அடக்கம் முடிந்து அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, என் மகன் மெதுவாக ஆரம்பித்தான். "அம்மா, இதோட விட்டுடேன். பிளான் போட்டவரே போயிட்டாரு." உண்மையைச் சொன்னால், விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரேஸுக்குக் காது கூர்மை. "யாருடா அது, விடச் சொல்றது?"

மகனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"காலையிலேர்ந்து மூணு ஊருலேர்ந்தும் போன். அழுவுறாங்க. அழுது முடிச்சுட்டு, மதாம் என்னிக்கு வர்றாங்கன்னு கேக்குறாங்க. ஏனாம்ல ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சிருக்காங்களாம். நான் என்னாத்தச் சொல்றது, சாந்தா?"

"கிளட்ச் கேபிள் மாத்தணும்" என்றேன்.

"மாத்து. முப்பதாம் நாள் பூசைக்குள்ள வந்துடு. அந்த மனுசனப் பத்தி அங்கெல்லாம் என்னா பேசுறாங்கன்னு கேட்டுட்டு வா. என்கிட்ட அவரு ஒண்ணும் சொன்னதில்ல."

இன்று காலை வண்டியைத் தட்டாஞ்சாவடியில் பட்டறையில் விட்டிருக்கிறேன். சனிக்கிழமை விடிந்ததும் முதலில் காரைக்கால்.

இந்த வயதில் எதற்கு என்று கமெண்டில் கேட்க நினைப்பவர்கள் தெரேஸிடம் கேட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் வெறும் RIP போடாமல், அவர் வகுப்பில் திட்டு வாங்கிய கதை எதையாவது எழுதுங்கள். அவள் படிப்பாள்.

போய் வாருங்கள், முசியே. நானும் போய் வருகிறேன்.