கடைசி சீட்டுக்காரி

ஸ்டியரிங்கை ஒட்டியுள்ள சிக்னல் கம்பியில் பிளாஸ்டிக் பையில் கட்டின தேநீரை மாட்டிவிட்டுத்தான் சுபாஷினி எந்தக் காரையும் ஓட்டிப் பார்ப்பாள். பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு வளைவில் குறுக்காகவே ஓட்டும் டிரிஃப்ட் பந்தயத்துக்கு அவளுக்கு ஒரு வண்டி வேண்டும். ஒரே மாதத்தில் ஒன்பது கார் பார்த்தாயிற்று. ஒன்பதிலும் தேநீர் மடியில்தான் விழுந்தது. "எப்ப வழுக்கும்னு சொல்லவே மாட்டேங்குது லா!" என்று ஈரச் சட்டையை உதறிக்கொண்டு இறங்கிவிடுவாள். விற்க வந்தவர்கள் சீட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள், பாவம்.

பாயான் பாரு தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பழுதுபார்ப்பவள். இரண்டு வருடமாகத் தகுதிச் சுற்றிலேயே ஊத்திக்கொண்டது. பந்தயக் குழுத் தலைவர் ஷாருல் கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த முறை முதல் பதினாறு பேருக்குள் வராவிட்டால் அவளுடைய இடம் வேறு ஆளுக்கு.

அப்படிப்பட்டவள் கடைசியில் எதைப் பிடித்தாள் தெரியுமா? பக்கிரிசாமி அண்ணனின் வேனை! சிம்பாங் அம்பாட்டிலிருந்து பதினோரு வருடம் அவளை வேலைக்கு ஏற்றிப்போன அதே வெள்ளை வேன். அதில் தேநீர் மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. மெக்கானிக் இக்மல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, பந்தயத்துக்கா, ஷிஃப்டுக்கா?"

"டேய், பதினோரு வருஷம் கடைசி சீட்டுல உக்காந்திருக்கேன். மழையில பாலம் இறங்குற வளைவுல இதோட பின்பக்கம் எப்ப ஆடும்னு தூக்கத்துலகூடச் சொல்லுவேன். எல்லாரும் சாமியைக் கூப்பிடுவாங்க. நான் மட்டும் சிரிப்பேன்."

பக்கிரிசாமிக்குத்தான் மனசு ஆறவில்லை. "நான் ஒழுங்காத்தாம்மா ஓட்டினேன்," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறை நகரில் பந்தய நாள். சீட்டெல்லாம் கழற்றி, எஞ்சினை மாற்றி, உருண்டால் நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாய் பற்றவைத்த வேன் வந்து நின்றதும் கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. முதல் வளைவில் பின்பக்கம் அழகாகச் சுழன்றது. சிரிப்பு நின்றது. இரண்டாவது வளைவில் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. வாயைப் பிளந்த கதவோடு, புகைக்குள்ளிருந்து குறுக்காகவே வந்து கோட்டைத் தாண்டினாள்.

தகுதி பெற்றவர்கள் பட்டியலில் பதினாறாவதாக, கடைசிப் பெயராக, அவள் பெயரைப் படித்தார்கள். இக்மல் கத்திக்கொண்டே ஓடிவந்தான். சுபாஷினி அவனைக் கவனிக்கவில்லை. வேனுக்குப் பின்னால் போனாள், குனிந்தாள், பம்பரில் அழுத்தி ஒரு முத்தம் வைத்தாள். கொதித்தது. "அம்மாடி!" என்று உதட்டைத் தேய்த்துக்கொண்டு, இன்னும் ஒன்று வைத்தாள்.