பிரேக்கில் புகுந்த காற்று

புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் நாளில் மாதா கோயிலுக்கு எங்கள் கறுப்புக் காரில்தான் வந்து இறங்குவேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அது தாத்தா காலத்துக் கார். ஓடுவதில் குறையில்லை, நிற்பதற்குத்தான் கொஞ்சம் யோசிக்கும். ஒருமுறை தவளக்குப்பம் சந்திப்பில் இளநீர் வண்டியில் இடித்த பிறகே நின்றது. நல்ல பிரேக் போடும்வரை பிள்ளைகள் யாரும் அதில் ஏறக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்பா காரை ஒர்க்‌ஷாப்பில் விடுகிற ஆளில்லை. புதுக் கார்களில் வருகிற டிஸ்க் பிரேக்கை வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே பூட்ட ஆரம்பித்தார். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அவருடைய நண்பர், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பூசை முடிந்து திரும்பும் நேரத்துக்கு உதவிக்கு வந்துவிடுவார். அவரை நாங்கள் அங்கிள் என்போம். பூட்டுகிற வேலை ஒரே நாளில் முடிந்தது. பிரேக் ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுப்பதுதான் பாக்கி.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நட்டைத் திறந்து மூட வேண்டும். அது கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் காற்று மறுபடி புகுந்துவிடும். அங்கிள் கீழே படுத்துக்கொண்டார். மிதிப்பதற்கு எங்களோடு இருந்த, அப்பாவின் கல்யாணமாகாத தங்கை, என் அத்தை, உட்கார்ந்தார்.

"மிதிங்க."

"மிதிச்சிட்டேன்."

"விடுங்க."

"விட்டுட்டேன்."

மதியச் சாப்பாடு வரை இதே பேச்சுதான். ஜெபமாலை சொல்லக்கூட அவ்வளவு நேரம் ஆகாது.

சாயங்காலம் பிரேக் கல் மாதிரி பிடிக்கும். அடுத்த ஞாயிறு பார்த்தால் பெடல் தரை வரைக்கும் போகும். மூன்று வாரம் இதே கதை. "இந்தக் காத்து எங்கேருந்து வருதுன்னே தெரியலண்ணே" என்று அங்கிள் தலையைச் சொறிவார். அப்பாவுக்கு நண்பர் மேல் இருந்த மரியாதை தேய்ந்துகொண்டே வந்தது. நானோ காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். புதுநன்மைக்கு ஒரே வாரம்தான் இருந்தது.

நான்காவது ஞாயிறு, பொறுக்க முடியாமல் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"அங்கிளுக்கு ஒண்ணும் தெரியலப்பா. அத்தையவே செய்யச் சொல்லுங்க. வாராவாரம் சனிக்கிழமை அத்தைதான் ஸ்பேனர் எடுத்துட்டுப் போயி அந்த நட்டத் திருப்பிட்டு வராங்க."

அத்தையைப் புகழ்வதாகத்தான் நினைத்தேன். ஆனால் அப்பா ஆயில் டப்பாவைக் கையில் பிடித்தபடி அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அத்தை ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அங்கிள் சக்கரத்தடியிலிருந்து வெகுநேரம் வெளியே வரவே இல்லை.

அன்று அரை மணி நேரத்தில் பிரேக் சரியானது. அதற்குப் பிறகு கெடவும் இல்லை. அடுத்த ஞாயிறு வெள்ளைக் கவுனும் தலையில் முக்காடுமாக, சொன்ன மாதிரியே காரில் போய் இறங்கினேன். ஓட்டி வந்தவர் அங்கிள். கோயில் வாசலில் கச்சிதமாக நிறுத்தினார். "தேங்க்ஸ் அங்கிள்" என்றேன்.

"இனிமே மாமான்னு கூப்புடு" என்றார் அப்பா.

ஒரு பிரேக்கைச் சரிசெய்ய நான்கு வாரம் எடுத்துக்கொண்டவருக்கு எதற்காக இந்தப் பதவி உயர்வு என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.